ஏழாவது மாடிக்கு வெளியே

விஜயகுமாரின் அப்பா ஆதிகேசவன் கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர். விஜயகுமார் பெங்களூரில் கண்ணாடிக் கட்டடங்களின் உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கி வெளிப்புறத்தைத் துடைக்கிறவர். "எங்க குடும்பத்துக்கே எறங்கற வேலைதான் எழுதியிருக்குது" என்பார். நீலசந்திராவில் அவர் குடியிருக்கும் சந்துக்காரர்கள் எல்லோரும் இந்தப் பேச்சை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். அந்தச் சந்தைத் தாண்டினால் அவரை யாருக்கும் தெரியாது. நகரத்தில் பாதிக் கண்ணாடியைத் துடைத்த மனிதர், தன் முகம் எதிலும் நிற்காமல் பார்த்துக்கொண்டவர். அவர் முகத்தைத்தான் இந்த வருஷம் ஊர் பேர் தெரியாத லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள், அவர் யாருக்கும் காட்ட விரும்பாத ஒரு நேரத்தில்.

சுரங்கம் மூடப்பட்டபோது அவருக்கு இருபது வயது தாண்டியிருந்தது. அப்பா இருக்கிறார், எப்படியும் உள்ளே எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பியிருந்த பையன்களில் அவரும் ஒருவர். ஒரு பிப்ரவரியில் எல்லாம் முடிந்துபோனது. ஷிப்டுக்குச் சங்கு ஊதுவது நின்றுவிட்ட ஊரில் கொஞ்ச நாள் யாருக்கும் எப்போது சாப்பிடுவது, எப்போது படுப்பது என்றே தெரியவில்லை. அப்புறம் ஊரிலிருந்த இளவட்டங்கள் எல்லாம் ரயிலேறினார்கள்.

அந்த ரயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விஜயகுமாருக்கு இன்றைக்கும் குரல் மாறும். மாரிக்குப்பத்தில் விடிவதற்கு முன்னால் புறப்படும். அங்கேயே ஏறினால்தான் உட்கார இடம். அடுத்து வரும் சாம்பியனிலும் ஊர்காமிலும் ஏறுகிறவர்களுக்கு நண்பர்கள் துண்டு போட்டு வைத்திருப்பார்கள். பங்காருபேட்டை வந்தால் ஜன்னல் வழியாக வடை வரும். எதிரெதிரே உட்கார்ந்த நாலு பேரின் முழங்கால்கள் மேல் ஒரு துண்டை விரித்தால் அதுதான் சீட்டாட்ட மேஜை. ஒரு பெட்டிக்குள்ளேயே கல்யாணம் பேசி முடித்தார்கள். வாய்ச்சண்டையில் முறிந்த நட்பை மாலூருக்குள் ஒட்டவைத்தார்கள். ஹெர்பர்ட்டை விஜயகுமார் சந்தித்தது அந்தப் பெட்டியில்தான். ஹெர்பர்ட் உதட்டைக் குவித்து வாயாலேயே டிரம்பெட் வாசிப்பான். தூங்கி வழிகிற கூட்டம் அந்தச் சத்தத்தில் விழித்து அவனைத் திட்டும், திட்டிவிட்டு இன்னொரு பாட்டு கேட்கும்.

அதே பெட்டிக்கு ஒருநாள் ஒரு கான்ட்ராக்டர் வந்தார். "உசரத்துக்கு பயப்படாத பசங்க யாராச்சும் கீறீங்களா?" என்று கேட்டார். ஹெர்பர்ட் கையைத் தூக்கினான். தூக்கிய கையோடு விஜயகுமாரின் கையையும் பிடித்துத் தூக்கிவிட்டான்.

அப்போதுதான் வைட்ஃபீல்டு பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழும்பிக்கொண்டிருந்தன. முதல் நாள் மொட்டைமாடியின் விளிம்பில், இடுப்புப் பட்டையில் கொக்கியை மாட்டி, கயிற்றில் கட்டிய மரப்பலகையில் உட்கார்ந்து, கால்களை வெறும் காற்றில் தொங்கவிட்டபோது விஜயகுமார் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கொஞ்சம் இறங்கியதும் கீழே பார்த்தார். அவர் காலுக்குக் கீழே ஒரு பருந்து வட்டமடித்துக்கொண்டிருந்தது. பருந்தின் முதுகை அதுவரை அவர் பார்த்ததே இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அதைச் சொன்னார். சுரங்கத் தூசியில் நெஞ்சு அடைத்து, கட்டிலை விட்டு அதிகம் எழாத ஆதிகேசவன், "முதுவா? இன்னா கலர்ல இருந்துச்சு?" என்று கேட்டார். செங்கல் பொடி நிறம் என்றதும் சிரித்தார். அப்பா அப்படிச் சிரித்தது அந்த வருஷத்தில் அதுதான் கடைசி.

அப்பா போன பிறகு விஜயகுமார் மமதாவைக் கல்யாணம் செய்துகொண்டு நீலசந்திராவில் வாடகைக்கு வந்தார். மமதாவும் தங்கவயல்காரிதான்; கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை. ஒரே மகள், சங்கமித்ரா. வருஷங்கள் கயிற்றில் இறங்குவதுபோலவே போயின, நிதானமாக, ஒவ்வொரு மாடியாக.

கண்ணாடிக்கு வெளியே தொங்குகிறவனுக்கு உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். யாரும் அவனைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் பறவையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். மீட்டிங் அறையில் தனியாக உட்கார்ந்து அழுகிற பெண்ணைப் பார்த்திருக்கிறார். வாய்க்குள் எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிப்பார்த்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு பெரிய அதிகாரியின் அறைக்குள் போகிற பையனைப் பார்த்திருக்கிறார். வேலை போய், மேஜையில் இருந்த சின்னச் செடியையும் காப்பிக் கோப்பையையும் அட்டைப்பெட்டியில் அடுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறார். அந்த மாதிரி நேரங்களில் அவரும் ஹெர்பர்ட்டும் அந்தக் கண்ணாடியைத் துடைக்காமல் ஒரு மாடி கீழே இறங்கிவிடுவார்கள். கடைசியில் யாராவது ஒருவர் மறுபடி மேலே போய் அதை மட்டும் துடைத்துவிட்டு வரவேண்டியிருக்கும். அதைப் பற்றி இரண்டு பேரும் எப்போதும் பேசிக்கொண்டதில்லை.

புதுக் கல்யாணத்தில் மமதா ஆசையாகக் கேட்பாள். "இன்னிக்கு உள்ள இன்னா பாத்தீங்க?"

"கண்ணாடி பாத்தேன்."

"அது தெரியும். உள்ள?"

"உள்ளயும் கண்ணாடிதான்."

மமதா தலையணையால் அடிப்பாள். கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டாள்.

விபத்து நடந்தது குளிர்காலத்தில். அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு பெரிய டெக் பார்க். ஏழாவது மாடி மட்டம்வரை இறங்கியிருந்தார்கள். கட்டடத்தின் மூலையை ஒட்டியிருந்த கண்ணாடிக்குக் கை எட்டவில்லை. விஜயகுமார் பக்கவாட்டில் சாய்ந்தார். அதே நேரத்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலிருந்து காற்று ஒன்று புகுந்து அடித்தது. பலகை ஒருபக்கமாகத் தூக்கி நழுவியது. வாளி போயிற்று. வலது கால் கயிற்றில் சுற்றிக்கொள்ள, இடுப்புக் கொக்கி மட்டும் பிடித்துக்கொள்ள, அவர் தலைகீழானார். சுவரில் மோதிய வேகத்தில் தோள்பட்டை மூட்டு இடம் நழுவியது.

தலைகீழாகத் தொங்கியபோது அவருக்கு ஆகாயம் காலுக்குக் கீழே இருந்தது. தலைக்கு மேலே கார்கள் வரிசையாக நின்றன. உடம்பு அவர் பேச்சைக் கேட்கவில்லை. பேன்ட் நனைந்தது. நனைந்தது அங்கேயே நிற்காமல் வயிறு வழியாக, சட்டை வழியாக, கழுத்துக்கும் முகத்துக்கும் இறங்கியது. அவர் "ப்பா, ப்பா" என்று கத்தினார். செத்துப்போய் எத்தனையோ வருஷமான அப்பாவை ஏன் கூப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது.

பக்கத்துக் கயிற்றிலிருந்து ஹெர்பர்ட் ஆடி ஆடி வந்து அவரைப் பிடித்தான். நிமிர்த்தி, தன் மடியில் கிடத்திக்கொண்டான். "விஜி, என்னப் பாரு. கீழ பாக்காத, என்னயே பாரு" என்று சொல்லிக்கொண்டே இரண்டு பேரின் கனத்தையும் கீழே இறக்கினான். அத்தனை நேரமும் விஜயகுமார் சின்னப்பிள்ளைபோல விம்மி அழுதுகொண்டிருந்தார்.

தரைக்கு வந்ததும் செக்யூரிட்டி மேற்பார்வையாளர் சின்னப்பா, கூடிய கூட்டத்தை லத்தியைக் காட்டி விரட்டினார். "ஏனூ ஆகில்லா, ஹோகி ஹோகி" என்று, ஒன்றும் ஆகவில்லை போங்கள் என்று கன்னடத்தில் சத்தம் போட்டுக்கொண்டே தன் சட்டையைக் கழற்றி விஜயகுமாரின் மடிமேல் போட்டார். பிறகு தன் பையிலிருந்து மாற்று பேன்ட் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நீல நிற யூனிபாரம் பேன்ட். ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன் ஹெர்பர்ட்டும் சின்னப்பாவும் ஒரு வேட்டியைத் திரைபோலப் பிடித்துக்கொள்ள, விஜயகுமார் ஒரு கையால் அதை மாட்டிக்கொண்டார்.

மறுநாள் மமதா அந்தப் பேன்ட்டைத் துவைத்தாள். காய்ந்ததும் இஸ்திரி போட்டு, மடித்து, ஒரு துணிப்பையில் வைத்தாள். எது, எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருந்த விஜயகுமார் அந்த இஸ்திரி வாசனையில் எதையோ நினைத்துக்கொண்டார்.

அவர் சின்னப் பையனாக இருந்தபோது ஒருநாள் சுரங்கத்தில் பாறை வெடித்தது. தொழிலாளர்களின் லைன் வீடுகள் ஆடின. அலமாரியிலிருந்த பாத்திரங்கள் உருண்டன. அம்மா அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடினாள். வெகுநேரம் கழித்து அப்பா மேலே வந்தார், முழுசாக. ஆனால் அவர் போட்டிருந்தது வேறு யாருடைய பேன்ட்டோ. கணுக்காலுக்கு மேலே நின்றது. அம்மா அதைப் பார்த்தாள். வாசலில் நின்ற மற்ற பெண்களும் பார்த்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அம்மா அதைத் துவைத்து, கரிப்பெட்டியால் இஸ்திரி போட்டு, மூன்றாம் வீட்டுக்காரருக்கே திருப்பி அனுப்பினாள். அந்த வீட்டுக்காரர் அதற்கப்புறமும் ஆதிகேசவனோடு கேரம் ஆடினார், தீபாவளிக்கு வந்து சாப்பிட்டார், கடைசியில் பாடைக்குத் தோள் கொடுத்தார். அந்தப் பேன்ட்டைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. அப்பா ஏன் அடுத்தவர் பேன்ட்டில் வந்தார் என்று விஜயகுமாருக்கு இப்போதுதான் புரிந்தது. படுக்கையிலிருந்தபடியே கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் குட்டையான பேன்ட்டில் அப்பா வீட்டுக்கு நடந்து வந்ததை மறுபடி பார்த்தார்.

நடந்தது நடந்தது, அத்தோடு போயிற்று என்றுதான் அவர் நினைத்தார்.

சில வாரங்கள் போயின. அவரைக்காய் சீசன். ஒரு பிற்பகலில் விஜயகுமார் தரையில் உட்கார்ந்து, ஊறவைத்த அவரைக் கொட்டைகளை ஒற்றைக் கையால் பிதுக்கிக்கொண்டிருந்தார். அன்று மமதாவுக்கு லீவு. சங்கமித்ரா கல்லூரியிலிருந்து சீக்கிரமே வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, அம்மாவைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே கிசுகிசுப்பு. அப்புறம் மமதாவின் குரல்: "அய்யோ."

"இன்னாம்மா?" என்றார் விஜயகுமார்.

சங்கமித்ரா வந்து அவரெதிரே உட்கார்ந்தாள். கையில் போன். "ப்பா, ஒண்ணு காட்டணும். ஆனா காட்டக்கூடாதுன்னும் தோணுது."

"காட்டு."

அதே டெக் பார்க்கின் எதிர்க்கட்டடத்து கேமராவில் பதிவான வீடியோ. சத்தமில்லாத படத்துக்கு யாரோ குத்துப்பாட்டு போட்டிருந்தார்கள். பலகை நழுவுவது, வாளி விழுவது, தலைகீழாகத் தொங்குவது, சட்டை நனைவது, எல்லாம் இருந்தது. நனைகிற இடத்தில் நிறுத்தி, வட்டம் போட்டு, அம்புக்குறி காட்டியிருந்தார்கள். கடைசியில் ஹெர்பர்ட் அவரை நிமிர்த்தியதும் அவர் முகம் நேராக கேமராவைப் பார்த்தது. வாய் கோணி அழுகிற முகம். அதற்கு மேல் பெரிய எழுத்தில் ஒரு கன்னடப் பெயர்: பாவலி அங்கிள். வவ்வால் மாமா.

"எங்க கிளாஸ் குரூப்புல வந்துச்சுப்பா" என்றாள் சங்கமித்ரா. "எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். கடைசில முகம் வர்ற வரைக்கும் சிரிச்சேன்." அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை.

விஜயகுமார் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவரைக் கொட்டைக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, இன்னும் நாலைந்தைப் பிதுக்கினார். "உனக்கு எப்டிம்மா தெரியும். நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்" என்றார். அது உண்மையில்லை என்று மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

யார் வெளியிட்டது என்று சங்கமித்ராவே தேடிக் கண்டுபிடித்தாள். படத்தை முதலில் போட்டது எந்த விஷமியும் இல்லை. அந்த டெக் பார்க்கைப் பராமரிக்கிற கம்பெனியே, 'பாதுகாப்பு உங்கள் கையில்' என்ற தலைப்பில், தன் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருந்தது. பாட்டும் பெயரும் மற்றவர்கள் சேர்த்தவை.

அதற்கப்புறம் அவர் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். பால் வாங்கப் போனால் கடைக்காரர் அளவுக்கு மீறி மரியாதையாகப் பேசினார். அதிலிருந்தே அவரும் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. சந்துமுனையில் சின்னப்பிள்ளைகள் ஜன்னல் கம்பியில் கால் மாட்டித் தலைகீழாகத் தொங்கி விளையாடினார்கள். அவரைக் கண்டதும் இறங்கிக்கொண்டார்கள். அவர்கள் தொங்கியதைவிட, இறங்கிக்கொண்டதுதான் அவருக்கு வலித்தது.

ஹெர்பர்ட் வீட்டுக்கு வந்து கத்தினான். "டேய் விஜி, எத்தினி நாளைக்கு இப்டியே குந்திக்கினு இருப்ப? போயி கேளுடா. அந்தக் கம்பெனிக்காரன் இன்னா உன் உடம்ப வாங்கிட்டானா?"

அந்தக் கேள்விதான் அவரைக் கிளப்பியது.

கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி பெயர் அஷ்வத். மல்லேஸ்வரத்து ஆள், தாத்தா காலத்திலேயே மைசூர் அரசாங்க வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். முப்பதைத் தாண்டியிருக்காது. விஜயகுமாரைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"உட்காருங்கோ. கை எப்படி இருக்கு? பிஸியோதெரபி போறேளா?"

"போறேன் சார். அந்த வீடியோ விஷயமா வந்தேன்."

அஷ்வத் முகம் மாறியது. "அது தப்பா போயிடுத்து, ஒத்துக்கறேன். ஆனா நாங்க நல்லதுக்குத்தான் போட்டோம். பலகையில உட்கார்ந்து இறங்கறது எவ்வளவு ஆபத்துன்னு மத்தவாளுக்குத் தெரியணும். அதைப் பாத்துட்டு ரெண்டு சைட்ல பலகையையே நிறுத்திட்டா, தெரியுமா?"

"நல்லதுதான் சார். பலகை நழுவுனத காட்டுங்க. நாலு பேரு பொழைப்பான். அதுக்கப்புறம் நான் நனைஞ்சது எதுக்கு? நான் அழுதது எதுக்கு? அதப் பாத்து எவன் இன்னா கத்துக்கப் போறான்?"

அஷ்வத் மேஜையிலிருந்த பேனாவை நகர்த்தி வைத்தான். "கேமரா பில்டிங்கோடது. சட்டப்படி..."

"சட்டம் எனக்குத் தெரியாது சார்." விஜயகுமார் குரலை உயர்த்தவில்லை. "இந்தக் கட்டடத்தையே நான் எத்தினியோ வாட்டி தொடச்சிருக்கேன். கண்ணாடிக்கு வெளில நின்னா உள்ள இருக்கறதெல்லாம் தெரியும். இன்னார் இன்னா பண்ணாங்கன்னு எங்க வீட்டுக்காரி கேட்டாகூட சொன்னதில்ல. என் கிட்டயும் போன் இருக்குது சார். கேமராவும் இருக்குது."

அறைக்கு வெளியே யாரோ சிரித்துக்கொண்டே போனார்கள். அஷ்வத்தின் கண் தன் அறையின் ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்தது.

"என் கையில இல்ல விஜயகுமார். மும்பை ஆபீஸ்லதான் போட்டா. நான் எழுதறேன். விடாம எழுதறேன். அதுக்கு மேல இப்போ என்னால சொல்ல முடியல."

பொய்யாவது சொல்லாமல் இருந்தானே என்று நினைத்துக்கொண்டு விஜயகுமார் எழுந்தார். கதவு வரை வந்த அஷ்வத், "ஸாரி" என்றான். அதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போதவில்லை என்று தோன்றியதோ என்னவோ, "மன்னிச்சுக்கோங்கோ" என்று மறுபடி சொன்னான்.

படம் உடனே போகவில்லை. சங்கமித்ரா தினமும் உட்கார்ந்து ஒவ்வொரு பிரதியாகப் புகார் கொடுத்தாள். சிலது மறைந்தது, மறைந்த இடத்தில் வேறு பாட்டோடு புதிதாக முளைத்தது.

ஒரு வார இறுதியில் மமதா, "ஊருக்குப் போலாம் வாங்க" என்று கிளப்பினாள். அவள் அண்ணன் இன்னும் மாரிக்குப்பத்தில்தான் இருந்தார். போனார்கள். ஆடு எடுத்து பிரியாணி செய்திருந்தார்கள். எல்லோரும் வீடியோவைப் பார்த்திருந்தார்கள், யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சாயங்காலம் விஜயகுமார் தனியாக நடந்தார். ஷாஃப்ட் கேட் பூட்டிக் கிடந்தது. சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேடுகள் வெயிலில் வெளுத்துத் தெரிந்தன. சின்ன வயதில் அவற்றின்மேல் தகரத்தில் உட்கார்ந்து சறுக்கியிருக்கிறார்கள், அம்மாவிடம் அடியும் வாங்கியிருக்கிறார்கள். அவர் பிறந்த லைன் வீட்டில் இப்போது யாரோ ஸ்கூட்டர் நிறுத்தியிருந்தார்கள். பம்பாயிலிருந்து வந்த பட்டறைக்காரரின் கடை இருந்த இடம், சுரங்க அதிகாரிகளின் கிளப்பில் டான்ஸ் நடக்கும்போது ஜன்னலில் தொத்திக்கொண்டு எட்டிப்பார்த்த சுவர், தண்ணீர் குழாயடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். பூமிக்கடியில் எத்தனை பேர் பயந்திருப்பார்கள், யாரையெல்லாம் கூப்பிட்டு அழுதிருப்பார்கள்! அதெல்லாம் அந்த மேட்டுக்கு அடியிலேயே, யாரும் தோண்டாத இடத்தில், பத்திரமாக இருக்கிறது என்று தோன்றியபோது அவருக்கு அந்த ஊரின் மேல் பொறாமைபோல ஏதோ ஒன்று வந்தது.

ஞாயிறு மாலை ரயிலில் திரும்பினார்கள். வாரம் முழுக்க பெங்களூரில் தங்கி வேலை செய்கிற பையன்கள் பெட்டியை நிறைத்திருந்தார்கள். யாரும் சீட்டாடவில்லை. ஆளுக்கொரு போன். பங்காருபேட்டை தாண்டியதும் எதிர் சீட்டுப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தவனை இடித்தான். "டேய், பாவலி அங்கிள் பாத்தியா? செம்ம காமெடி." இரண்டு தலைகள் ஒரு போன்மேல் குனிந்தன. குத்துப்பாட்டு கேட்டது. சிரிப்பும் கேட்டது.

மமதா விஜயகுமாரின் கையைப் பிடித்து அழுத்தினாள். எழுந்து வேறு பெட்டிக்குப் போய்விடலாம் என்று அவள் கண்ணால் சொன்னாள். அவரும் எழத்தான் பார்த்தார். எழுந்தவர் எதனாலோ மறுபடி உட்கார்ந்தார்.

"தம்பி, அது நான்தான்."

"எதுண்ணா?"

"அதுல தொங்கறது."

பையன் போனைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். தோள்பட்டையின் சாய்வைப் பார்த்தான். பாட்டு நின்றது. போனைத் தொடைமேல் குப்புறக் கவிழ்த்துக்கொண்டான். சுற்றியிருந்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஜன்னலோரம் இருந்த ஒல்லிப் பையன்தான் கடைசியில் கேட்டான். "ரொம்ப வலிச்சுதாண்ணா?"

இத்தனை பேர் பார்த்ததில், பார்த்துவிட்டு அப்படிக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

"தோள்பட்ட எறங்கிப் போச்சுப்பா. ஆனா அப்ப வலி தெரியல. பயம்தான். அப்பாவ கூப்ட்டு கத்திக்கினு இருந்தேன். அவரு செத்து எவ்ளோ வருஷமாச்சு."

"உங்க அப்பா மைன்ஸா?"

"சாம்பியன் ரீஃப்ல. ஆதிகேசவன்னு."

"எங்க தாத்தாவும் அங்கதாண்ணா" என்றான் போன் வைத்திருந்தவன், தரையைப் பார்த்துக்கொண்டே. பிறகு போனை எடுத்து எதையோ அழுத்தி, திரையை அவரிடம் நீட்டினான். "எங்க குரூப்புல நான்தான் போட்டேன். எடுத்துட்டேண்ணா. ஆனா அதுக்குள்ள நெறைய பேருக்கு போயிருக்கும்."

"போயிருக்கும்" என்றார் விஜயகுமார்.

மாலூரில் சுண்டல் வந்தது. ஒல்லிப் பையன் எல்லோருக்கும் சேர்த்து வாங்கினான். வைட்ஃபீல்டு வரும்வரை அவர்கள் அவரிடம் கயிறு வேலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். மேலே இருந்து விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரியும், மழை வந்தால் என்ன செய்வீர்கள், உள்ளே இருப்பவர்கள் கை காட்டுவார்களா என்றெல்லாம். மமதா அன்றைக்குத்தான் தன் புருஷன் இவ்வளவு பேசிக் கேட்டாள். அவள் இத்தனை வருஷமாகக் கேட்டும் சொல்லாத பருந்துக் கதையை யாரோ பையன்களுக்குச் சொல்கிறாரே என்று அவளுக்கு ஒரு பக்கம் கோபமும் வந்தது.

கோடை பிறக்கும்போது அஷ்வத் போன் செய்தான். கம்பெனி தன் பக்கத்திலிருந்து படத்தை எடுத்துவிட்டது. பலகை நழுவும் பகுதியை மட்டும் கோட்டுப் படமாக வரைந்து வேறொன்று செய்யப்போகிறார்கள். முகம் இருக்காது, பெயர் இருக்காது. "வெளியில சுத்திண்டு இருக்கறதை எங்களால முழுசா நிறுத்த முடியாது. அதையும் சொல்லிடறேன்" என்றான். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான். புதிதாகச் சேர்கிற கயிற்று ஆட்களுக்கு ஒரு வகுப்பு நடக்கிறது; வந்து நாலு வார்த்தை பேச முடியுமா? முடியாதென்றால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றான்.

விஜயகுமார் இரண்டு நாள் யோசித்துவிட்டுப் போனார். பலகையில் என்ன தப்பு என்று சொன்னார். காற்று எங்கிருந்து வந்தது என்று சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்புறம் நான் ஒண்ணுக்குப் போயிட்டேன்பா. தலகீழா இருந்தா அது எங்க போவும்னு நெனைக்கிறீங்க? மூக்குக்குதான்" என்றார். அறை சிரித்தது. ஹெர்பர்ட் பின்வரிசையிலிருந்து எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவரைக் குத்தவில்லை. எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பது அன்றைக்கு அவர் கையில் இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டதை அவர் சொல்லவில்லை.

மே மாதத்தில் அவர் மறுபடி கயிற்றில் ஏறினார். பலகை இல்லை; தொடையையும் மார்பையும் சேர்த்துப் பிடிக்கிற புதுப் பட்டை. கப்பன் பார்க்கை ஒட்டிய ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடம். விளிம்பில் நின்றபோது முழங்கால் நடுங்கியது. அதை மறைக்கவில்லை.

"நடுங்குதுடா" என்றார்.

"நடுங்கட்டும். யாரு கேட்டா?" என்றான் ஹெர்பர்ட், தன் கொக்கியை இழுத்துப் பார்த்துக்கொண்டே.

இறங்கினார்கள். கீழே பார்க் முழுக்க மேஃப்ளவர் பூத்து, மரங்களின் உச்சி மேலிருந்து பார்க்கச் சிவப்புக் கம்பளம்போல் கிடந்தது. மூன்றாவது மாடியில் ஒரு ஜன்னலுக்குள், படுக்கையில் இருந்த பெரியவருக்கு அவர் மனைவி சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பெரியவரின் வாயிலிருந்து பாதி வழிந்தது. விஜயகுமார் ஹெர்பர்ட்டைப் பார்த்தார். இரண்டு பேரும் கயிற்றைத் தளர்த்தி, இரண்டாவது மாடிக்கு இறங்கினார்கள்.